ஏணை

கோகுலனைத் தூக்க நாலு ஆண்கள் வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்றே சொல்லிவிட்டார்கள். முதல் மாதம் நாலு பேர் வந்தார்கள். சல்லிக் கரையில் அவனுக்குக் கீழே கரைவலை இழுத்தவர்கள். விடிய ஒரு தரமும் பின்னேரம் ஒரு தரமும் வந்து, தங்களுக்குத் தலைவனாயிருந்த தண்டயலை அலுங்காமல் தூக்கிச் சில்லுக்கதிரையில் இருத்தி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் மாதம் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் பிறந்தபோது பெண்சாதி யசோதரா ஒருத்திதான் மிஞ்சினாள்.

எண்பத்திரண்டு கிலோ. உயிரோட்டமுள்ள உடம்பு தூக்குகிறவருக்குத் தன்னையறியாமலே கொஞ்சம் ஒத்தாசை செய்யும். கோகுலனின் உடம்பு செய்யாது. கழுத்தெலும்பு நொறுங்கியதோடு நெஞ்சுக்குக் கீழே எல்லாம் ஈரமணல் சாக்குப் போலாகிவிட்டது. சித்திரை வருசத்துக்கு அடுத்த நாள், குடிவெறியில், பந்தயம் பிடித்து, வள்ளத்து முன்புற அணியத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்தவன் அவன். போன கிழமை ஆழமாக இருந்த இடத்தில் அன்றைக்கு மணல் மேடு தட்டியிருந்தது. முழங்காலளவு தண்ணீருக்குள் குப்புறக் கிடந்தவனைப் பகிடி விடுகிறான் என்று நினைத்துக் கூட்டாளிகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யசோதரா அவனைத் தூக்குவதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். முதலில் அவனைக் கட்டிலில் இருத்தி, அவன் முழங்கால்களைத் தன் முழங்கால்களால் அணைத்து, அவன் கைகளைத் தன் தோளின் மேல் போட்டு, இடுப்பில் கட்டிய சீலைத்துண்டைப் பிடித்து ஒரே எத்தில் கதிரைப் பக்கம் திருப்பி இருத்த வேண்டும். அந்த நேரம் அவன் நாடி அவளுடைய தோள்மூட்டில் வந்து பொருந்தும். அவன் கைகள் முழங்கைவரைக்கும் சொல்வழி கேட்டன. விரல்கள் கேட்கவில்லை. அடிப்பதற்குக் கை இல்லாமற் போனவனுக்குப் பல் மிஞ்சியிருந்தது.

ஒவ்வொரு நாளும் கடிக்கமாட்டான். சொதியில் உப்புக் கூடினால், கூப்பிட்டவுடன் வராவிட்டால், மீன்காரரோடு சிரித்துக் கதைத்த சத்தம் உள்ளே கேட்டால் கடிப்பான். கடித்தாலும் அவள் கையை விட முடியாது. விட்டால் எண்பத்திரண்டு கிலோவும் சீமெந்துத் தரையில் விழும். அது அவனுக்கும் தெரியும். பதினாறு வருசம் அந்தக் கையால் வாங்கியவள், கை செத்த பிறகு பல்லால் வாங்கினாள். மகள் லக்சாயினியைப் படிப்பைச் சாட்டிப் பட்டணத்தில் தன் தமக்கை வீட்டில் கொண்டுபோய் விட்டதற்கும் அதுதான் காரணம். பிள்ளைக்குப் பதினைந்து வயது. தகப்பனைத் தூக்க உதவிக்கு வந்தால் பிள்ளையின் தோளும் அவன் வாய்க்குக் கிட்ட வரும்.

பிழைப்புக்குக் கருவாடு போட்டாள். கிண்ணியா ஸெய்னுதீன் நானா பட்டா லொறியில் சூடை மீனும் கீரி மீனும் கொண்டுவந்து இறக்குவார். குடல் எடுத்து, கழுவி, உப்புப் போட்டு, வளவுக்குப் பின்னால் கடற்கரைப் பக்கம் பாய்களில் பரப்பி, வெயிலுக்குத் தக்கபடி புரட்டி, காகத்துக்கும் நாய்க்கும் காவல் இருந்து, காய்ந்ததைக் கட்டி வைக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் உள்ளே ஓடிவந்து அவனைச் சரித்துப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். வந்தும் இருந்தது. நாரியின் கீழே, முதுகு முடிகிற இடத்தில், ஒரு ரூபாய்க் குற்றியளவு. அதைக் கழுவி மருந்து கட்டுகிற நேரம்தான் அவனுக்கு வசைபாட வசதியான நேரம். அவள் சோற்றுக் கோப்பையோடு குந்துகிற நேரம் அடுத்த வசதி.

"எடியே, இஞ்ச வா. கால் இழுக்குது."

காலில் உணர்ச்சி இல்லாதவனுக்குக் கால் எப்படி இழுக்கும் என்று அவள் கேட்டதில்லை. கோப்பையை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போவாள். திரும்பி வரும்போது சோறு ஆறி ஈ மொய்த்திருக்கும்.

கிளினிக்குக்கு அவனைக் கொண்டுபோன ஒரு நாள், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற கீர்த்தனி மிஸ் அவளைத்தான் கூர்ந்து பார்த்தாள். முப்பது வயது இருக்கும். துடியான பெட்டை.

"அக்கா, உங்களுக்கு நாரி எப்பவிருந்து இப்பிடி?"

"எனக்கொண்டுமில்லை மிஸ்."

"கோணிக்கொண்டு நடக்கிறீங்கள். இடது கால் விறைக்குதோ?"

"இடைக்கிடை."

படம் எடுத்துப் பார்த்த டொக்டர், முள்ளந்தண்டுத் தட்டு ஒன்று விலகியிருக்கிறது, இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்றார். யசோதராவுக்குச் சிரிப்பு வந்தது. ஸெய்னுதீன் நானாவின் மீன் கூடை ஒன்றே இருபது கிலோ.

கீர்த்தனி மிஸ் யார் யாருக்கோ கடிதம் எழுதினாள். நாலு மாதத்தின் பின் வைகாசியில், கச்சான் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், மெசின் வந்து இறங்கியது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பாவித்துக் கழித்தது. வெள்ளை நிறம், சில இடங்களில் கறள். கவடு விரித்தது போல இரண்டு நீளக் கால்கள், காலுக்கடியில் சில்லுகள், நடுவில் ஒரு தூண், தூணிலிருந்து முன்னுக்கு நீண்ட ஒரு கை, கையின் நுனியில் கொழுவிகள் உள்ள ஒரு குறுக்குச் சட்டம். தூணின் பக்கத்தில் கிணற்றுப் பம்பிக்கு இருப்பது போல ஒரு பிடி. அதை மேலும் கீழும் அடித்தால் கை உயரும். கீழே இருந்த குமிழைத் திருகினால் மெல்ல இறங்கும். அதோடு நீலநிறத் துணி ஒன்று, நாலு மூலையிலும் பட்டிகள் தைத்தது.

"இதுக்குள்ள ஆளை இருத்தித்தான் தூக்கிறது," என்றாள் கீர்த்தனி மிஸ்.

வேலிக்கு அந்தப் பக்கத்து இரத்தினேஸ்வரி அக்கா என்ன வந்திருக்கிறதென்று விடுப்புப் பார்க்க வந்து நின்றவள், "இது ஏணையெல்லோ," என்றாள். "பிள்ளையளைப் போட்டு ஆட்டிற ஏணை."

அவ்வளவுதான். கோகுலனின் முகம் கறுத்தது.

"என்னை இதுக்க போடேலாது."

"அண்ணை, பயப்பிடாதேங்கோ. இருநூறு கிலோ தாங்கும்."

"பயமோ? ஆருக்குப் பயம்? மிஸ், நான் நாப்பது பேரை வைச்சு வலை இழுப்பிச்சனான். கப்பலுக்கு மாடு ஏத்திற மாதிரி என்னைக் கட்டித் தூக்குவியளோ? எனக்குப் பெண்சாதி இருக்கிறா. அவ தூக்குவா."

"அக்காக்கு ஏலாது. நாரி போச்செண்டால் பிறகு ரெண்டு பேருக்கும் ஆள் வேணும்."

"அவவுக்கு ஒண்டுமில்லை. நடிப்பு."

மிஸ் அவனோடு வாதாடவில்லை. கட்டிலின் நாலு காலுக்கும் கல் வைத்து உயர்த்துவித்தாள், மெசினின் கால்கள் கீழே நுழைய. தன்னோடு வந்த பையனைத் துணிக்குள் இருத்தித் தூக்கிக் காட்டினாள். யசோதராவைக்கொண்டு நாலைந்து தரம் செய்வித்தாள்.

"ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ அக்கா. ஆளை மேல வைச்சுக்கொண்டு எங்கயும் போகப்படாது. கால் தொங்கினால் ரத்தம் கீழ நிண்டிடும். இப்பிடிக் கழுத்து அடிபட்ட ஆக்களுக்குப் பிறசர் திடீரெண்டு ஏறும். தலையிடிக்குது எண்டு சொன்னால், முகம் சிவந்து வேர்த்தால், உடன இறக்கவேணும். விளங்கிச்சுதோ?"

"விளங்கிச்சுது."

மூன்று கிழமை அந்த மெசின் அறை மூலையில் நின்றது. அதன் கையில் துவாய் காயப்போட்டாள். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் கோகுலன் நியாயம் கேட்டான். பெண்சாதி தன்னைத் தூக்கில் போடப் பார்க்கிறாள் என்றான். குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி அவன் தமையன் வல்லிபுரமும் வந்தார். மெசினைச் சுற்றி வந்து, சில்லைக் காலால் உருட்டிப் பார்த்துவிட்டு, குசினி வாசலில் நின்று சொன்னார்.

"அவனுக்கு விருப்பமில்லையெண்டால் விடு பிள்ளை. முந்தி மாதிரியே தூக்கு."

"நாரி ஏலாதாம் பெரியத்தான். டொக்டர் தூக்கவேண்டாமெண்டவர்."

"டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம். ஆம்பிளை ஒருத்தன் கிடையில கிடக்கிறான். அவன்ர மனம் நோகாமல் பாக்கவேணுமெல்லோ."

ஆனி மாதம் முதல் கிழமை, முற்பகல் பத்து மணிக்கு, முந்தி மாதிரியே தூக்கினாள். பாதித் திருப்பத்தில் நாரிக்குள் ஏதோ நெருப்புக் குச்சி கிழித்தது போலிருந்தது. இடது கால் இல்லாமற் போனது. மல்லாக்க விழுந்தாள். அவன் அவளுக்கு மேலே விழுந்தான்.

மூச்சு விட முடியவில்லை. தள்ளினாள். அசைக்க முடியவில்லை. வெளியே கச்சான் தென்னோலைகளைப் பிய்த்து உதறிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் அவள் கூப்பிட்ட குரல் படலையைத் தாண்டவில்லை. அவன் வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. கடிப்பான் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடினாள். அவன் கடிக்கவில்லை. சிரித்தான்.

"இப்பதான் எனக்குச் சரிசமனாக் கிடக்கிறாய்," என்றான். "கிட. எப்பிடியிருக்கெண்டு பார். ரெண்டு வருசம் நான் இப்பிடித்தான் கிடக்கிறன்."

"மூச்சு முட்டுது. ஆரையும் கூப்பிடுங்கோ. உங்கட சத்தம் கேக்கும்."

"ஏன் கூப்பிடுவான்? எனக்குச் சுகமாயிருக்கு."

கடலில் நிற்கிற வள்ளத்துக்குக் கரையிலிருந்து கேட்கக் கத்துகிறவன் அவன். வாயை மூடிக்கொண்டு கிடந்தான். இரத்தினேஸ்வரி அக்கா தேங்காய் கேட்டு வந்து எட்டிப் பார்க்கும்போது பதினொன்றரை. ஒன்றரை மணித்தியாலம்.

எட்டு நாள் யசோதரா முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, எழும்பாமல் படுத்தாள். அந்த எட்டு நாளும் இரத்தினேஸ்வரி அக்காவும் அவள் புருசனும் வந்து கோகுலனைப் பார்த்தார்கள். ஒன்பதாம் நாள் எழும்பிக் குளித்தாள். உலை வைத்தாள். ஸெய்னுதீன் நானா போகிற போக்கில் தந்துவிட்டுப் போன விளைமீனில் குழம்பு வைத்து, முருங்கையிலை வறுத்தாள். எல்லாம் இறக்கி மூடிவிட்டு, நீலத் துணியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"என்னடி செய்யிறாய்?"

அவனை ஒரு பக்கம் உருட்டி, சுருட்டிய துணியை முதுகோடு ஒட்டிவைத்து, மறுபக்கம் உருட்டி விரித்து எடுத்தாள். கால் பட்டிகளைத் தொடைக்குக் கீழால் விட்டுக் குறுக்காக மாற்றினாள். நாலு கொழுவியிலும் மாட்டினாள். அவன் கைகளை வீசினான். முழங்கை ஒன்று அவள் கன்னத்தில் பட்டது. துப்பினான். துடைத்துவிட்டுப் பிடியை அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு விரல் அளவு அவன் உயர்ந்தான். கட்டிலைவிட்டுக் கிளம்பியதும் மெசினைப் பின்னால் இழுத்து அறையின் நடுவில் நிறுத்திச் சில்லைப் பூட்டினாள். நீலத் துணிக்குள் கால்கள் மடிந்து, நாடி நெஞ்சில் படிந்து, அவன் தொங்கினான்.

"கதிரையைக் கொண்டு வா."

அவள் குசினிக்குப் போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து, அவனுக்கு முன்னால் கதிரையில் தானே இருந்தாள். சோற்றிலிருந்து ஆவி பறந்தது.

"நான் சாப்பிட்டிட்டு இறக்கிறன்."

"என்ன?"

"ரெண்டு வருசமாச் சூடாச் சாப்பிடேல்லை. இண்டைக்குச் சாப்பிடப்போறன்."

அவன் வாயைத் திறந்தான். அவளுடைய தாயிலிருந்து தொடங்கி, கொட்டியாபுரத்து மாமன்மார் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. கரையில் நாற்பது பேரை ஆட்டிவைத்த அந்தக் குரலை முழுதாக எடுத்துக் கத்தினான். கச்சான் அதை அள்ளிக் கடலுக்குள் கொண்டுபோனது. யசோதரா மீனை முள்ளெடுத்துச் சோற்றோடு பிசைந்தாள்.

"அண்ணையிட்டச் சொல்லுவன்."

"சொல்லுங்கோ."

"பொலிசில சொல்லி உன்னை உள்ளுக்குப் போடுவிப்பன்."

"போன் எடுத்துத் தரட்டோ? காதில வைச்சுப் பிடிக்கிறன்."

அவன் நிறுத்தினான். பிறகு வேறு குரலில் சொன்னான்.

"யசோ, தலை வெடிக்குது."

நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகம் செங்கல் நிறமாகியிருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை ஊற்றியது. கழுத்துக்குக் கீழே ஒரு துளி இல்லை. கீர்த்தனி மிஸ் சொன்னது அச்சொட்டாக ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்த பிறகுதான் எழும்பிப் போய் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.

"அம்மாவாணை இனிக் கடிக்கமாட்டன். இறக்கு. யசோ, என்ர ராசாத்தி, இறக்கு."

"அண்டைக்கு நிலத்தில கிடக்கேக்க, மூச்சு முட்டுதெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

அவன் அழுதான். யசோதரா கோப்பையை வழித்து முடித்து, கை கழுவி, கையைத் துடைத்துவிட்டு வந்து, மெசினைக் கட்டிலுக்குத் தள்ளி, குமிழைத் திருகினாள். அவன் பாதங்கள் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தன. அவற்றைத் தலையணை மேல் தூக்கி வைத்தாள்.

அன்று பின்னேரம் அம்மன் கோயிலுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். கும்பிட்டுக்கொண்டு நின்றபோது மனதுக்குள் வந்தது மன்னிப்பல்ல, நன்றி. பயந்துபோய்த் திருநீறு வாங்காமலே திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு வீடு அமைதியானது. காலையும் மாலையும் மெசினில் தூக்கி, கதிரையில் இருத்தி, கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் குளிக்க வார்த்தாள். வெயிலில் இருத்தினாள். புண் மாறித் தோல் மூடியது. அவளுடைய நாரியும் நிமிர்ந்தது. ஆடி மாதக் கிளினிக்கில் கீர்த்தனி மிஸ் கோகுலனின் முதுகைப் பார்த்துவிட்டு மற்றப் பெண்களையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இப்பிடித்தான் பாக்கவேணும். அக்கா ஒராளாப் பாக்கிறா. அண்ணை, இப்ப மெசின் பிடிச்சிட்டுதோ?"

"ஓம் மிஸ்," என்றான் கோகுலன்.

இரண்டாம் தரம் அவள் அவனைத் தொங்கவிட்டது, கஞ்சியை அவள் முகத்தில் துப்பியதற்கு. அதற்கு ஒரு நியாயம் இருந்தது. மூன்றாம் தரம், அவள் மகளோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு முறை கூப்பிட்டதற்கு. நாலாம் தரத்துக்கு என்ன காரணம் என்று பிறகு யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. ஏதோ பார்வை பார்த்தான் என்று நினைத்தாள். அவ்வளவு நேரம் வைத்திருக்கமாட்டாள். முகம் சிவக்கத் தொடங்கும்வரை. அந்த நிறத்தை அவள் உலை கொதிக்கிற பதம் பார்ப்பது போலப் பார்க்கப் பழகியிருந்தாள். பிறகு பிறகு தொங்கவிடவே தேவையில்லாமற் போனது. போகிற போக்கில் பிடியில் கையை வைத்தால் அவன் வாய் மூடிக்கொள்ளும். வைத்துப் பார்ப்பாள். மூடும். ஒன்றுமில்லாமலும் வைத்துப் பார்த்தாள். அந்த நாட்களில் அவளுக்கு நல்ல நித்திரை வந்தது.

புரட்டாசி பிறந்து காற்று விழுந்துவிட்ட ஒரு நாள் வல்லிபுரம் வந்தார். சொல்லாமல் வந்தார். செருப்பைக் கழற்றாமல் நேரே அறைக்குள் போனார். பின்னால் போன யசோதரா வாசலில் நின்றாள். யன்னலுக்கு அந்தப் பக்கம், வேலியோரம், இரத்தினேஸ்வரி அக்கா உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் நிற்பது தெரிந்தது. கொடியில் ஒரு உடுப்பும் இல்லை.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். ஒளிக்காமச் சொல்லு," என்றார் வல்லிபுரம். "உன்னை இதில தொங்கவிட்டிட்டு இவ தன்ரபாட்டில குந்திக்கொண்டிருக்கிறாவாம். கண்டவை சொல்லுகினம்."

கோகுலன் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தான்.

"ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னால் என்ன. உண்மையோ பொய்யோ?"

வாசல் நிலையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டிய யசோதரா, கை போன இடம் பக்கத்தில் நின்ற மெசினின் பிடி என்று கண்டு இழுத்துக்கொண்டாள். கோகுலன் அதைக் கண்டான்.

"பொய் அண்ணை. அவ நல்லாப் பாக்கிறா."

"அப்ப உதென்ன?" வல்லிபுரம் அவன் உடுத்திருந்த சாரத்தை விலக்கினார். தொடையின் உட்பக்கத்தில் பட்டி வெட்டிய அடையாளம், ஒரு விரல் அகலத்துக்குக் கன்றிப்போய் இருந்தது.

"அது நான் சும்மா கிடக்காமக் காலை அசைச்சனான். பட்டி வெட்டிப்போட்டுது. என்ர பிழை."

இரண்டரை வருசமாகக் கால் விரல் ஒன்றைக்கூட அசைக்காதவன் சொன்னான். வல்லிபுரம் அதைக் கேட்டுக்கொண்டார். அவருடைய தோள் இறங்குவதை யசோதரா பார்த்தாள்.

"இல்லை, உண்மையெண்டால் சொல்லு. நான் குச்சவெளிக்குக் கூட்டிக்கொண்டு போறன். இடம் காணாதுதான். பாப்பம்." கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வேண்டாம் அண்ணை."

"சனம் சும்மா கதைக்கும் என்ன. நான் நம்பேல்லை. கேக்கவேண்டியது கடமையெல்லோ." செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். "பிள்ளை, தேத்தண்ணி ஒண்டு போடு. சீனி குறைய."

தேத்தண்ணி போடும்போது அவளுக்குக் கேட்ட குரல் அவனுடையதல்ல. எட்டு வருசத்துக்கு முன், முறிந்த மணிக்கட்டோடு ஆஸ்பத்திரி மரவாங்கில் குந்திக்கொண்டு, நேர்ஸ் கேட்டதற்கு அவள் சொன்ன குரல். கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன் மிஸ், பாசி, என்ர பிழை. அந்தக் குரலில் எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். கோகுலன் அந்த இடங்களிலேயே மூச்சு எடுத்தான்.

இரண்டு மணி பஸ்ஸுக்குத் தமையன் போன பிறகு அவள் கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஏன் சொல்லேல்லை?"

அவன், கேள்வியில் ஏதும் பொறி இருக்கிறதோ என்று பார்ப்பவன் போல அவள் முகத்தைப் பார்த்தான்.

"அண்ணை கூட்டிக்கொண்டு போனாலும் ஒரு கிழமைதான் வைச்சிருப்பான். பிறகு கொண்டுவந்து விடுவான். பிறகு நீதானே."

யசோதரா கதிரையில் இருந்தாள். இனிச் செய்யமாட்டன் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும், வீக்கத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, அவன் அவளுக்குச் சொன்ன சொல் அதுதான். எத்தனை தரம் சொல்லியிருப்பான். சொல்லாமல் விழுங்கினாள்.

"குளிக்கிறியளோ?" என்று கேட்டாள்.

"உனக்கு வசதியெண்டால்."

துணியை எடுத்தாள். அவள் கேட்கும் முன்பே அவன் இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் மடித்து வைத்துக்கொண்டான், பட்டி போடத் தோதாக. உருட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டான். கொழுவிகளை மாட்டி, பிடியை மெதுவாக அடித்து, கட்டிலைவிட்டு உயர்த்தி, பின்னால் இழுத்தாள். கதிரையைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தபோது அறை இருண்டது.

"யசோ, மழை." வேலிக்கு அங்காலிருந்து இரத்தினேஸ்வரி அக்காவின் குரல். "மீன் நனையப்போகுது."

நிலாவெளிப் பக்கமிருந்து மை போல மேகம் ஏறிக்கொண்டிருந்தது. பதினொரு பாய். மூன்று நாள் காய்ந்த கீரி. நாளைக்கு ஸெய்னுதீன் நானா வருவார். ஒரு துளி பட்டாலும் புழு வைத்துவிடும். யசோதரா கதிரையைப் பார்த்தாள், யன்னலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கதிரைக்குள் இறக்க ஒரு நிமிசம் போதும்.

"நீ போ," என்றான் அவன். "நான் இருப்பன்."

அவள் ஓடினாள். முதல் துளிகள் மணலில் பொத்துப் பொத்தென்று விழத் தொடங்கின. பாயின் இரண்டு தலைப்பையும் சேர்த்துப் பிடித்து, மீனை நடுவில் குவித்து, இழுத்துக்கொண்டுபோய் வீட்டோடு இறக்கிய பத்திக்குள் தள்ளினாள். இரத்தினேஸ்வரி அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்து மறு தலைப்பைப் பிடித்தாள். எட்டுப் பாய் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மழை சோவென்று இறங்கியது. கடைசி மூன்றையும் தறப்பாளால் மூடி, காற்றுக்குப் பறக்காமல் சுற்றிவரக் கல் வைத்தாள். பிறகு பத்திக்குள் போய், குவிந்த மீனை ஒட்டாமல் பரப்பினாள். நனைந்த நாலைந்தைப் பொறுக்கி வேறாக வைத்தாள். அக்கா முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல காலம்," என்றாள். "ஓம் அக்கா," என்றாள் யசோதரா. மழைக்குள் கடல் தெரியவில்லை. இரண்டு பேரும் பத்தி ஓரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மழை வெளித்து, அக்கா வேலிப் பொட்டுக்குள்ளால் திரும்பிப் போனாள். கிணற்றடியில் கை கால் கழுவி, ஈரச் சீலையைப் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் யசோதராவுக்கு அவன் மேலே இருக்கிறான் என்பது ஞாபகம் வந்தது.

தண்டிப்பதற்காக அல்ல. ஆத்திரத்தில் அல்ல. மறந்துபோனாள். வீட்டுக்குள்ளிருந்து அவன் ஒரு தரமாவது கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். மழை ஓய்ந்து எவ்வளவோ நேரம்.

ஓடிப்போய் அறை வாசலில் நின்றாள். விட்ட இடத்தில் அப்படியே தொங்கினான். முகம் செங்கல் நிறம் தாண்டிக் கறுத்திருந்தது. வியர்வை மூக்கு நுனியில் திரண்டு சொட்டிக்கொண்டிருந்தது. கண்கள் திறந்திருந்தன. கைகள் மடித்துவைத்தபடியே நெஞ்சின் மேல் இருந்தன. அவளைக் கண்டதும் உதட்டை நனைத்துக்கொண்டான். முதல் தரம் சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் வந்தது.

"மீன் நனையேல்லையே?"

"இல்லை," என்றாள் யசோதரா.

"நல்லது," என்று அவன் சொன்னான்.

அவள் குனிந்து குமிழைத் தேடினாள். ஈரக்கை வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள்.